கேமிங் கணினியை ஓவர்க்ளாக் செய்வது எப்படி: ஏர் கூலரா, லிக்விட் கூலரா என்ற முடிவிலிருந்து கடைசிச் சோதனை வரை

புதிதாக ஓவர்க்ளாக்கில், அதாவது சிப்பைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். விளக்கு மின்னும் 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலரை வாங்கி மாட்டுகிறார்கள், பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து வோல்டேஜை ஏற்றுகிறார்கள், விண்டோஸ் முடங்கி நீலத்திரை வந்த பிறகுதான் எந்த எண் எதற்கென்று தேடுகிறார்கள். அந்த அலைச்சலும் வீண் செலவும் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

தொடங்கும் முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ப்ராசஸர் கக்கும் வெப்பம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் கூடுகிறது. 5.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் சிப்பை 5.2-க்கு ஏற்ற 1.32 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் 4 சதவீதம்தான் கூடும். வெப்பமோ சுமார் 26 சதவீதம் கூடும். கூலர் தேர்வு, செலவு, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

1. முதலில் அளந்து பாருங்கள்

வெப்பநிலை, வாட், வோல்டேஜைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ, கிராபிக்ஸ் கார்டைக் கண்காணித்து மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இரண்டையும் நிறுவுங்கள். இரண்டும் இலவசம். நீங்கள் அன்றாடம் ஆடும் கேமை, வழக்கமான ரெசல்யூஷனில், அரை மணி நேரம் ஆடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வி-சிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு ஆட வேண்டும். இல்லையென்றால் அளவு பொய் சொல்லும்.

கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97–99 சதவீதத்தில் நின்றால் தடை அங்கேதான் இருக்கிறது. ப்ராசஸரை எவ்வளவு ஏற்றினாலும் ஃபிரேம் கூடாது. கார்டு 60–70 சதவீதத்தில் சும்மா நின்று, ஃபிரேமும் குறைவாக இருந்தால்தான் ப்ராசஸரிலோ ரேமிலோ கை வைப்பதில் பலன் உண்டு. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தான் என்று பார்த்து ஏமாறாதீர்கள். பல கேம்கள் ஒன்றிரண்டு கோர்களிலேயே முட்டி நிற்கும். மொத்த எண்ணில் அது தெரியாது.

அடுத்து ப்ராசஸரின் எல்லாக் கோர்களையும் முழுச் சுமையில் ஓட்டும் சினிபெஞ்ச் மல்டிகோர் சோதனையை 10 நிமிடம் ஓட விட்டு, நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ப்ராசஸர் இழுக்கும் வாட், அதிகபட்ச வெப்பநிலை, கிடைத்த மதிப்பெண், அறையின் வெப்பநிலை. நான்காவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 22 டிகிரி அறையில் 80 காட்டும் சிப், 34 டிகிரி அறையில் ஏறத்தாழ 92 காட்டும். அறை வெப்பம் தெரியாமல் இன்னொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

2. உங்கள் சிப்பும் போர்டும் அனுமதிக்கின்றனவா?

இன்டெலில் பெயரின் முடிவில் கே, கேஎஃப், கேஎஸ் என்று இருந்தால்தான் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண் (மல்டிப்ளையர்) மாற்றத்துக்குத் திறந்திருக்கும். அதோடு இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும்: இசட்690, இசட்790, இசட்890. பி660, பி760 போர்டுகளில் ரேமை ஏற்றலாம், ப்ராசஸரை ஏற்ற முடியாது. கே சிப்பை பி போர்டில் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

ஏஎம்டி ரைசனில் நிலைமை எளிது. பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்கள் திறந்தே வருகின்றன. பி450, பி550, பி650 போன்ற நடுத்தர போர்டே போதும். ஏ520, ஏ620 போர்டுகளில் ப்ராசஸர் ஓவர்க்ளாக் கிடையாது. எக்ஸ்3டி சிப்களில் மட்டும் கவனம்: 5800எக்ஸ்3டி பூட்டியே வருகிறது; 7800எக்ஸ்3டியில் பெருக்கி பூட்டியிருந்தாலும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் வேலை செய்யும்; 9800எக்ஸ்3டி முழுக்கத் திறந்தது.

போர்டில் விஆர்எம் பகுதிக்கு (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வெறுமையாக இருந்தால் 65 வாட் வகைச் சிப்பைத் தாண்டி ஆசைப்பட வேண்டாம். ப்ராசஸர் குளிர்ந்தே இருக்கும், விஆர்எம் சூடேறி வேகத்தைக் கீழே இழுக்கும், காரணம் தெரியாமல் கூலரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்களும் கோப்புகளும்

ப்ராசஸர், போர்டு, ரேம், கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றின் பில்லையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து, இந்தக் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். கூலரை மாட்டிவிட்டால் ப்ராசஸரின் மேல் உள்ள எண்ணைப் படிக்க முடியாது. மாட்டும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வாரண்டி விஷயத்தில் தெளிவாக இருங்கள். ஓவர்க்ளாக்கால் வரும் சேதத்தை இன்டெலோ ஏஎம்டியோ பொதுவாக ஏற்பதில்லை. ரேமை அது விற்கப்பட்ட வேகத்தில் ஓட வைக்கும் ஆயத்த அமைப்பான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ புரொஃபைலை இயக்குவதும் பொதுவாக அதிகாரப்பூர்வமாக ஓவர்க்ளாக் கணக்கில்தான் வரும்.

விண்டோஸில் டிரைவைப் பூட்டும் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை, அந்த 48 இலக்க எண்ணை, தாளில் எழுதி வையுங்கள். பயாஸை அப்டேட் செய்தாலோ பாதுகாப்புச் சிப் அமைப்பு மாறினாலோ அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் டிரைவில் உள்ளது போனது போனதுதான். புதியவர்கள் சிக்கும் பொறிகளில் இதுதான் மிகக் கொடியது, ஏனென்றால் இழப்பது பொருளை அல்ல, கோப்புகளை.

பிறகு பயாஸ் அப்டேட். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்தச் சிப்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு நாளடைவில் தளர்ந்துபோகும் கோளாறுக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் திருத்தங்கள் வந்தன. வாரண்டியையும் இன்டெல் 2 ஆண்டு நீட்டியது. ஏஎம்5 (ரைசன் 7000-க்கும் பிந்தையவற்றுக்குமான சாக்கெட்) போர்டுகளிலும் 2023க்குப் பிந்தைய பயாஸ் அவசியம்: சில சிப்கள் கருகிய பிறகு எஸ்ஓசி வோல்டேஜுக்கு (ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்கானது) 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்தார்கள். அப்டேட் செய்தால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். ஆகவே முதலில் அப்டேட், பிறகு ட்யூனிங்.

4. ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

முதல் படியில் எழுதி வைத்த வாட் எண்ணை எடுங்கள். ஓவர்க்ளாக்குக்கு அதோடு 25 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

120 வாட் வரை: 120 மி.மீ. ஃபேன் ஒன்றுள்ள ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போதும்.
120 முதல் 200 வாட் வரை: ஆறு, ஏழு ஹீட் பைப் உள்ள இரட்டைக் கோபுர ஏர் கூலர். 240 மி.மீ. லிக்விட் கூலரும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும்.
200 வாட்டுக்கு மேல், அதுவும் நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடும் என்றால்: 280 அல்லது 360 மி.மீ. லிக்விட் கூலர்.

கவனியுங்கள், இது சினிபெஞ்சின் வாட். கேம் ஆடும்போது அதே ப்ராசஸர் இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இழுக்கும். கேம் மட்டும் ஆடுபவர், வீடியோ ரெண்டரிங் செய்யாதவர், இரண்டாவது வரிசையைத் தாண்ட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. 7800எக்ஸ்3டி போன்ற சிப் கேமில் 100 வாட்டைக்கூடத் தொடாது. அதற்கு 360 வாங்குவது அலங்காரச் செலவு. விலை குறைந்த இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் பல, 360 லிக்விட் கூலரின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. அந்த வித்தியாசத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் ஃபிரேம் கூடும். கூலரில் போட்டால் வெப்பநிலை எண் மட்டும்தான் குறையும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ரைசன் 7000 வரிசையில் 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவை முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. பெரிய கூலர் போட்டால் வெப்பநிலை இறங்காது, அதே 95-ல் வேகம் சற்றுக் கூடும். சிறிய சிலிக்கான் துண்டிலிருந்து வெப்பம் வெளியேறும் வழியே குறுகல் என்பதால் ரேடியேட்டரை எவ்வளவு நீட்டினாலும் ஓரளவுக்கு மேல் பயனில்லை.

ஆயுளைப் பொறுத்தவரை ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். மாற்றினால் முடிந்தது. மூடிய லிக்விட் கூலரில் பம்ப் உண்டு, ரப்பர் குழாய் வழியே ஆண்டுக்கு ஆண்டு சிறிதுசிறிதாக ஆவியாகும் திரவமும் உண்டு. நல்ல தயாரிப்புகளுக்கு 5, 6 ஆண்டு வாரண்டி தருகிறார்கள். அதையே அதன் ஆயுளாகக் கணக்கில் வைத்து, அடுத்த கூலருக்கான செலவையும் இன்றே சேர்த்துப் பாருங்கள். பம்ப் நின்றுபோனால் சுமை ஏறிய சில நொடிகளில் சிப் தன் வெப்ப எல்லைக்குப் போய்த் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். சிப் பிழைக்கும், ஆனால் மாற்றுக் கூலர் வரும்வரை கணினி முடங்கிக் கிடக்கும்.

லிக்விட் கூலருக்கும் நியாயமான இடங்கள் உண்டு. ஏர் கூலரின் உயரம் பொதுவாக 155–168 மி.மீ.; கேபினட்டின் இடவசதி அதைவிடக் குறைவு என்றால் வேறு வழியில்லை. உயரமான ரேமின் மேல் ஏர் கூலரின் ஃபேன் இடிக்கும் இடத்திலும் இதுவே சரி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கோபுரத்தோடு கணினியை அடிக்கடி தூக்கிக்கொண்டு ஊர் மாறுபவருக்கும் அப்படியே. எதை வாங்கினாலும், கேபினட்டின் விவரக் குறிப்பில் கூலர் உயரம், ரேடியேட்டர் நீளம், ஃபேனோடு சேர்ந்த தடிமன் மூன்றையும் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ.; மேல்பக்கம் மாட்டும்போது இது போர்டின் ஹீட்சிங்கில் இடிப்பது சகஜம்.

தனித்தனி பாகங்களை வாங்கிக் குழாய் இழுக்கும் கஸ்டம் லூப் முதல் முயற்சிக்கு வேண்டாம். பிற்பாடு செய்வதானால் செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் கலக்காதீர்கள், அரித்துவிடும்.

5. மாட்டும்போது நடக்கும் தவறுகள்

கூலரின் அடித்தகட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு, போட்டவுடனேயே 95 டிகிரி காட்டுகிறதே என்று குழம்புவது இன்றும் தொடர்ந்து நடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு, நடுவில். இன்டெலின் நீள்சதுரச் சிப்புக்குக் குறுக்கே ஒரு கோடாக இழுக்கலாம். திருகுகளை ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்று முறுக்கிக்கொண்டே வாருங்கள். இல்லையென்றால் பேஸ்ட் ஒருபக்கம் ஒதுங்கும். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி கூடக் காட்டும்.

ஏஎம்4 (ரைசன் 5000 வரையிலான சிப்களின் சாக்கெட்) போர்டில் பழைய கூலரைக் கழற்றும்போது அப்படியே மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடவலமாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.

லிக்விட் கூலரில் ஒரே ஒரு விதி: பம்ப் ஒருபோதும் சுற்றின் உச்சியில் இருக்கக்கூடாது. உள்ளே சிறிது காற்று எப்போதும் இருக்கும், அது உயரமான இடத்தில் போய்த் தங்கும். ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்பக்கம் மாட்டினால் காற்று அங்கேயே நின்றுவிடும். முதல் தேர்வு அதுதான். முன்பக்கம் மாட்ட வேண்டியிருந்தால், அதன் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும், குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும். கேபினட்டின் தரைப்பகுதியில் ரேடியேட்டர் வைத்தால் காற்று பம்புக்குள் வந்து களகள என்று சத்தம் போடும், ஆயுளும் குறையும். பம்பின் கம்பியை அதற்கான இணைப்பில் செருகி, பயாஸில் முழு வேகத்தில் நிறுத்துங்கள். ஃபேன்களை மட்டும் வெப்பநிலைக்கேற்ப ஏறி இறங்க விடுங்கள்.

6. ரேம்: முதலில் இதை மட்டும்

டிடிஆர்5 6000 என்று வாங்கிய ரேம், பயாஸில் எதுவும் செய்யாவிட்டால் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குவது ஒரு நிமிட வேலை. பல கணினிகளில் ப்ராசஸரை ஏற்றுவதைவிட இதில்தான் பலன் அதிகம். இரண்டு ரேம் என்றால் ப்ராசஸரிலிருந்து 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். ஏஎம்5-ல் 6000 நல்ல இலக்கு.

ஏஎம்5 போர்டில் புரொஃபைலை மாற்றிய பிறகு முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேம் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். 10 நிமிடம் பொறுங்கள்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ இரவில் போட்டுவிட்டுத் தூங்கச் செல்லுங்கள். நான்கு சுற்று முடியப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ரேம் பிழை உடனே கணினியை நிறுத்தாது, சத்தமில்லாமல் கோப்புகளைச் சிதைக்கும். சில வாரம் கழித்து விண்டோஸே கெட்டிருக்கும்.

7. கிராபிக்ஸ் கார்டு

எல்லாவற்றிலும் பாதுகாப்பான பகுதி இது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை அது அனுமதிக்கும் உச்சத்துக்கு நகர்த்துங்கள். கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 15, 15 ஆக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கனமான கேமின் ஒரே காட்சியைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கார்டின் டிரைவர் மென்பொருள் முடங்கிய இடத்திலிருந்து 30 இறக்கி நிறுத்துங்கள்.

மெமரியை 100, 100 ஆக ஏற்றலாம். ஆனால் கணினி நிற்கவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். புதிய கார்டுகளின் மெமரி பிழையைக் கண்டுபிடித்து அதே தகவலைத் திரும்ப அனுப்பும். எண் ஏறும், ஃபிரேம் இறங்கும். மதிப்பெண் குறையத் தொடங்கும் இடமே எல்லை. விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பு வரும்படி இப்போதே டிக் செய்யாதீர்கள். ஒரு வாரம் கழித்துச் செய்யலாம்.

8. ப்ராசஸர்

ரைசன் வைத்திருப்பவர்கள் எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகத்தைப் பூட்டும் பழைய முறைக்குப் போக வேண்டாம். 5800எக்ஸ் ஒரு கோரில் தானாகவே 4.7 கிகாஹெர்ட்ஸ் தொடும், 4.5-ல் எல்லாவற்றையும் பூட்டினால் சினிபெஞ்சில் லாபம் கிடைத்தாலும் கேமில் நஷ்டம். பதிலாக பிபிஓவை (ஏஎம்டியின் தானியங்கி வேக உயர்த்தல்) இயக்கி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் சிப் தானே வேகம் ஏறும். இரண்டு நாள் நிலையாக இருந்தால் மைனஸ் 15, பிறகு 20. சிறந்த கோர்கள் என்று சிப் குறித்து வைத்திருப்பவை பெரும்பாலும் குறைவாகவே தாங்கும். அவற்றுக்கு மட்டும் தனியாக எண்ணைத் தளர்த்துங்கள்.

இன்டெல் கே சிப்பில், முழுச் சுமையில் இப்போது எந்த வேகம் நிற்கிறதோ அதையே பெருக்கியாகப் போட்டு (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படையில் 51 என்றால் 5.1), 1.25 வோல்ட்டில் தொடங்குங்கள். சினிபெஞ்ச் 10 நிமிடம் தாண்டினால் ஒரு படி ஏற்றுங்கள். விழுந்தால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்குச் சுமையில் 1.35 வோல்ட், 90 டிகிரி, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அங்கே நில்லுங்கள்.

லோட் லைன் கேலிபரேஷனை (சுமை ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் அமைப்பு) நடுநிலையில் வையுங்கள். சில போர்டுகளில் 1ஆம் நிலை மிக வலுவானது, சிலவற்றில் 8 மிக வலுவானது. கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். உச்ச நிலையில் வைத்தால் சுமை இறங்கும் கணத்தில் வோல்டேஜ் எகிறும், அது எச்டபிள்யூ இன்ஃபோவில்கூடத் தெரியாது.

கணினி எழவே இல்லையென்றால் பதற வேண்டாம். மின் இணைப்பை எடுத்து, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் கிளியர் பட்டனை அழுத்துங்கள். பட்டன் இல்லையென்றால் போர்டின் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். எல்லாம் ஆரம்ப நிலைக்கு வந்துவிடும். தாளில் எழுதி வைத்தது அப்போதுதான் கைகொடுக்கும்.

9. உண்மையிலேயே நிலையாக இருக்கிறதா?

சினிபெஞ்ச் தாண்டினால் போதாது. நிலைத்தன்மையைச் சோதிக்கும் ஓசிசிடியை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். லிக்விட் கூலர் உள்ளவர்கள் முதல் 20 நிமிட எண்களைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். திரவம் முழுக்கச் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும், அதன் பிறகு நிற்கும் எண்தான் உண்மை. கர்வ் ஆப்டிமைசர் போட்டவர்கள் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை இரவு முழுக்க ஓட்டுங்கள். அந்தக் கோளாறு சுமையில் வராது, கணினி சும்மா இருக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆகும்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் (நிகழ்வுப் பதிவுகள்) வன்பொருள் பிழையைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ (WHEA) என்று தொடங்கும் எச்சரிக்கை ஒன்றாவது இருந்தால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் அமைப்பு நிலையற்றது. நீலத்திரையில் கிளாக் வாட்ச்டாக் என்று வந்தால் ப்ராசஸர் வோல்டேஜ் போதவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் ரேமுக்குத் திரும்புங்கள்.

10. நேரமும் தொடர் செலவும்

கூலர் மாட்ட இரண்டு மணி நேரம், ரேம் சோதனைக்கு ஓர் இரவு, கார்டுக்கு ஒரு மாலை, ப்ராசஸருக்கு இரண்டு மூன்று மாலைகள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் எது விழுந்தது என்றே தெரியாமல் போகும். மின்சாரத்தில், 60 வாட் கூடுதலாக இழுத்து நாளுக்கு 4 மணி நேரம் ஆடினால் மாதம் 7.2 யூனிட்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டின் தூசி வடிகட்டியையும், ரேடியேட்டரிலோ கோபுரத்திலோ படிந்ததையும் ஊதி எடுங்கள்; ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேஸ்ட் மாற்றுங்கள். குளிர்காலத்தில் ட்யூன் செய்திருந்தால் வெயில் காலத்தின் முதல் வாரத்தில் ஓசிசிடியை மறுபடி ஓட்டுங்கள். 90 தாண்டினால் பெருக்கியை ஒரு படியும் வோல்டேஜை 0.03 அளவுக்கும் இறக்கிவிடுங்கள்.